நான்-கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள்: அட்டவணை போடும்போதே தோற்காமல் இருக்க

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் மேல்தட்டு எஃப்பிஎஸ் பிரிவு. அங்கே ஓர் அணிக்குப் பருவத்தில் 12 ஆட்டங்கள். அணிகள் கான்ஃபரன்ஸ் எனப்படும் கூட்டமைப்புகளாகப் பிரிந்திருக்கும். பிக் டென், பிக் 12 என்ற கான்ஃபரன்ஸ்களின் அணிகளுக்கு அதில் 9 ஆட்டங்களைக் கான்ஃபரன்ஸே வகுத்துக் கொடுத்துவிடும். 2025 வரை 8 ஆடிவந்த எஸ்இசி கான்ஃபரன்ஸும் 2026 முதல் 9க்கு வந்துவிட்டது. ஆக, ஒரு பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை இயக்குநர் தன் இஷ்டப்படி நிரப்பக்கூடியவை மூன்று கட்டங்கள்தான்; அவைதான் நான்-கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள். மூன்றே கட்டம், இதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். ஆனால் டிக்கெட் வருமானம், பவுல் (பருவம் முடிந்தபின் நடக்கும் சிறப்பு ஆட்டம்) தகுதி, பிளேஆஃப் (தேசியப் பட்டத்துக்கான சுற்று) வாய்ப்பு, வீரர்களின் உடம்பு நான்கும் அந்த மூன்றுக்குள்தான் மாட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்றைச் சரிசெய்யப்போய் இன்னொன்றைக் கெடுத்துக்கொள்வதே வழக்கம்.

எதிரணியின் பெயரிலிருந்து தொடங்குவது

"எந்தப் பெரிய அணி கிடைக்கும்?" என்பது முதல் கேள்வியாக இருக்கக் கூடாது. "அந்த ஆண்டு நமக்குச் சொந்த மைதானத்தில் எத்தனை கான்ஃபரன்ஸ் ஆட்டம்?" என்பதுதான் முதல் கேள்வி. ஒன்பது என்பது ஒற்றைப்படை எண். ஓர் ஆண்டு ஐந்து சொந்த மைதானத்தில், நான்கு வெளியூரில். மறு ஆண்டு அதுவே தலைகீழ். பெரிய மைதானத்தை வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் வரவுசெலவையே ஏழு சொந்த மைதான ஆட்டங்களை நம்பித்தான் போடுகின்றன. ஆறாகக் குறைந்தால், அந்த ஒரு சனிக்கிழமையின் டிக்கெட், பார்க்கிங், உணவு வருமானம் எல்லாம் போகும். கல்லூரியை நம்பியிருக்கும் சிறு நகரத்தின் ஹோட்டல்களுக்கும் அடி விழும்.

பிக் டென் அணியான ஐயோவா இந்தக் கணக்கைப் போடும் விதத்தைப் பாருங்கள். பக்கத்திலேயே இருக்கும் ஐயோவா ஸ்டேட்டுடன் ஆண்டுதோறும் ஆட வேண்டும், இரட்டைப்படை ஆண்டில் தன் ஊரான ஐயோவா சிட்டியில், ஒற்றைப்படை ஆண்டில் அவர்கள் ஊரான ஏம்ஸில். 2024இல் ஐயோவாவுக்குச் சொந்த மண்ணில் கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள் நான்குதான்: வாஷிங்டன், நார்த்வெஸ்டர்ன், விஸ்கான்சின், நெப்ராஸ்கா. அதனால் இல்லினாய் ஸ்டேட், ஐயோவா ஸ்டேட், ட்ராய் மூன்றையும் வீட்டிலேயே வைத்தார்கள். நான்கும் மூன்றும் ஏழு. 2025இல் கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள் ஐந்து வீட்டில் வந்தன. அந்த ஆண்டு ஏம்ஸுக்குப் போனார்கள். அல்பனியும் மாசசூசெட்ஸும் ஐயோவா சிட்டிக்கு வந்தன. மறுபடி ஏழு. ஐயோவா ஸ்டேட்டின் முறை மாறி அமைந்திருந்தால் ஓர் ஆண்டு எட்டு, அடுத்த ஆண்டு ஆறு என்று ஆடியிருக்கும்.

எனவே ஹோம்-அண்ட்-ஹோம் ஒப்பந்தம் (ஓர் ஆண்டு நம் மைதானத்தில், இன்னோர் ஆண்டு அவர்கள் மைதானத்தில்) பேசும்போது, நாம் வெளியூர் போகும் பாதி நமக்கு ஐந்து சொந்த ஆட்டங்கள் இருக்கும் ஆண்டில் விழ வேண்டும். இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அட்லாண்டா, ஆர்லிங்டன் போன்ற பொது மைதானத்தில் ஆடும் பருவத் தொடக்க ஆட்டத்தை ஒப்புக்கொள்வதானாலும் இதே கணக்குதான். ஏற்பாட்டாளர் தரும் காசோலையைப் பார்ப்பதோடு நிற்காமல், நாம் இழக்கும் சொந்த மைதான வசூலையும் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும்.

இரண்டு எஃப்சிஎஸ் அணிகள்

ஒரு படி கீழே இருக்கும் எஃப்சிஎஸ் அணியைப் பணம் கொடுத்து அழைத்து ஆடுவது எல்லோரும் செய்வது. ஆனால் பவுல் ஆட்டத்துக்குத் தேவையான ஆறு வெற்றிகளில், எஃப்சிஎஸ் அணிக்கு எதிரான வெற்றி ஆண்டுக்கு ஒன்றுதான் கணக்கில் வரும்.

ஆப்பலாச்சியன் ஸ்டேட்டின் 2022ஐ விட நல்ல பாடம் இதற்குக் கிடையாது. செப்டம்பர் 10 அன்று டெக்சாஸ் ஏ அண்ட் எம் மைதானத்துக்கே போய் 17-14 என்று வென்றார்கள். அந்த ஆட்டத்துக்கு வந்ததற்காக ஏ அண்ட் எம் அவர்களுக்குக் கொடுத்த தொகை 15 லட்சம் டாலர். நாடு முழுக்க அதே பேச்சு. பருவம் முடிந்தபோது அவர்கள் கணக்கு 6-6, அதாவது ஆறு வெற்றி, ஆறு தோல்வி. வழக்கமாக அது போதும். ஆனால் அந்த ஆறில் இரண்டு, த சிட்டடல், ராபர்ட் மோரிஸ் என்ற எஃப்சிஎஸ் அணிகளிடம் வந்தவை. தகுதிக்கு ஐந்துதான் தேறியது; பவுல் இல்லை. கல்லூரி ஃபுட்பாலின் மிகப்பெரிய மைதானங்களில் ஒன்றில் ஜெயித்துவிட்டு வந்த அணி, டிசம்பரில் வீட்டில் உட்கார்ந்திருந்தது.

ஏதோ ஓர் எதிரணி கடைசி நேரத்தில் விலகி, இன்னொரு எஃப்சிஎஸ் அணி மட்டும்தான் கிடைக்கிறது என்றால், அந்த ஆண்டின் இலக்கைத் துறைக்குள் எல்லோருக்கும் ஏழு வெற்றி என்று சொல்லிவிடுங்கள்.

எஃப்சிஎஸ் என்றாலே சுலபம் என்ற நினைப்பு தனித் தவறு. 2007இல் தேசியத் தரவரிசையில் ஐந்தாம் இடத்தில் இருந்த மிச்சிகன், 4 லட்சம் டாலர் கொடுத்து அழைத்த இதே ஆப்பலாச்சியன் ஸ்டேட்டிடம் 34-32 என்று தோற்றது. அதை அதிசயம் என்றார்கள். அந்த அணி 2005, 2006 இரண்டு ஆண்டும் அந்தப் பிரிவின் சாம்பியன். நார்த் டகோட்டா ஸ்டேட் 2013இல் கேன்சஸ் ஸ்டேட்டையும் 2016இல் ஐயோவாவையும் அவரவர் மைதானத்திலேயே வீழ்த்தியது. எஃப்சிஎஸ் பிளேஆஃபுக்கு வருடாவருடம் போகும் அணியைக் காசு கொடுத்து வீட்டுக்கு அழைப்பதில் என்ன லாபம்? ஜெயித்தால் யாரும் பாராட்டப்போவதில்லை. தோற்றால் இருபது ஆண்டு சொல்லிக்காட்டுவார்கள். கடந்த பத்தாண்டுப் பதிவைப் பார்த்துவிட்டு, பாதிக்கு மேல் தோற்ற அணியாகத் தேடுங்கள். கேட்க நன்றாக இல்லைதான். ஆனால் அந்தக் கட்டத்தின் வேலையே அது.

பத்தாண்டுக்குப் பிறகும் உலகம் இப்படியே இருக்கும் என நம்புவது

மிச்சிகனும் டெக்சாசும் 2024, 2027 ஆண்டுகளில் ஆடுவதாக அறிவித்தது 2014இல். அப்போது மிச்சிகன் பயிற்சியாளர் பிரேடி ஹோக், டெக்சாஸ் பயிற்சியாளர் சார்லி ஸ்ட்ராங். 2024 செப்டம்பரில் டெக்சாஸ் 31-12 என்று ஜெயித்தபோது மிச்சிகனில் ஹோக்குக்குப் பின் ஹார்பா வந்து போய் ஷெரோன் மூர். டெக்சாசில் ஸ்ட்ராங்குக்குப் பின் ஹெர்மன் வந்து போய் சார்க்கிசியன். டெக்சாஸ் அந்த ஆண்டு பிக் 12ஐ விட்டு எஸ்இசிக்கே போயிருந்தது. கையெழுத்திடும் நாளில் எதிரணி எவ்வளவு பலம் என்று எடைபோட்டுப் பயனில்லை.

இதைவிடத் தொல்லை, எதிரணி நம் கான்ஃபரன்ஸுக்கே வந்துவிடுவது. எஸ்இசி அணியான ஜார்ஜியாவுக்கும் ஓக்லஹோமாவுக்கும் 2023, 2031 என்று ஒப்பந்தம் இருந்தது. ஓக்லஹோமா எஸ்இசியில் சேரப்போவதால் அது ரத்தாகி, 2023இல் ஜார்ஜியா அந்த இடத்தில் பால் ஸ்டேட்டை வைத்து ஆடியது. யூடி மார்ட்டின், யூஏபி, ஜார்ஜியா டெக் மற்ற மூன்று. 12-0 என்று போன அணி, கான்ஃபரன்ஸ் இறுதியில் அலபாமாவிடம் 27-24 என்று தோற்று, அன்றைய நான்கு அணி பிளேஆஃபில் இடம் பெறவில்லை. பால் ஸ்டேட்தான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அந்த இடத்தில் ஓக்லஹோமாவை அதன் மண்ணில் வென்ற பதிவு இருந்திருந்தால் பிளேஆஃப் அணிகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவிடம் காட்ட ஒன்று இருந்திருக்கும்.

அதனால் ஒப்பந்தத்தில், யாராவது கான்ஃபரன்ஸ் மாறினாலோ கான்ஃபரன்ஸ் தன் ஆட்ட எண்ணிக்கையைக் கூட்டினாலோ அபராதம் இல்லாமல் விலகலாம் என்று வெளிப்படையாக எழுதச் சொல்லுங்கள். மற்ற காரணங்களுக்கு விலகினால் எவ்வளவு நஷ்டஈடு, எத்தனை மாதம் முன்பு சொல்ல வேண்டும் என்பதும் எண்ணாக இருக்க வேண்டும். ஆட்டத்துக்கு ஆறு மாதம் இருக்கும்போது விலகும் அணி கொடுக்க வேண்டிய தொகை, மூன்று ஆண்டு முன் விலகும் அணியுடையதைவிடப் பல மடங்கு கூடுதலாக இருப்பதுதான் நியாயம். அந்த நேரத்தில் மாற்று அணி கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்தாலும் அது கேட்கும் விலையைத்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

சரியான எதிரணி, தவறான வாரம்

ராணுவக் கல்லூரி ஆர்மியை எடுத்துக்கொள்ளுங்கள். பந்தை யார் கொண்டு ஓடுவது என்பதைக் கடைசி நொடியில் முடிவுசெய்யும் அவர்களின் ஆப்ஷன் ஆட்டத்தை மற்ற பதினொரு ஆட்டத்திலும் நம் தடுப்பாட்டம் பார்க்காது. பந்து நடுவில் ஓடும் ஃபுல்பேக்கிடமா, ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கிடமா, பக்கவாட்டில் இன்னொருவருக்கு எறியும் பிட்சா என்று ஒவ்வொரு வீரரும் தனக்கென ஒதுக்கிய ஆளை மட்டும் பார்த்து நிற்க வேண்டும். நம்மை மறிக்க வரும் ஆர்மி வீரர்கள் காலைக் குறிவைத்துத் தாழ்ந்து வருவார்கள். அந்த வேகத்தைப் பயிற்சியில் நம் மாற்று வீரர்களால் நடித்துக் காட்டவே முடியாது. 2018 செப்டம்பரில் ஐந்தாம் இடத்து ஓக்லஹோமா, கூடுதல் நேரத்தில்தான் ஆர்மியை 28-21 என்று தாண்டியது. 60 நிமிட ஆட்டத்தில் ஏறக்குறைய 45 நிமிடம் பந்து ஆர்மியிடம். கைலர் மர்ரி போன்ற குவார்ட்டர்பேக்கை வைத்துக்கொண்டு ஓக்லஹோமா பெரும்பாலும் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்தது. அடுத்த ஆண்டு மிச்சிகனுக்கு இரண்டு கூடுதல் நேரம் தேவைப்பட்டது, 24-21.

இப்படிப்பட்ட அணியை ஆடியே தீர வேண்டுமென்றால் முதல் வாரத்தில் வையுங்கள், ஆகஸ்ட் பயிற்சியில் தினம் கொஞ்ச நேரம் ஒதுக்கலாம். இல்லாவிட்டால் ஓய்வு வாரத்துக்கு அடுத்து வையுங்கள். பெரிய கான்ஃபரன்ஸ் ஆட்டத்துக்கு முந்தைய சனிக்கிழமை மட்டும் வேண்டவே வேண்டாம்.

நவம்பரில், பரம எதிரியுடனான ஆட்டத்துக்கு முந்தைய வாரம் ஓர் எளிய அணியை வைப்பது எஸ்இசி வழக்கம். வீரர்கள் காயம் ஆற்றிக்கொள்ள நல்ல யோசனைதான். ஆனால் எல்லோர் மனமும் அடுத்த வாரத்துக்குப் போய்விடும். 2023 நவம்பர் 18 அன்று ஆபர்ன், அலபாமாவுடன் ஆடுவதற்கு ஒரு வாரம் முன்பு, காசு கொடுத்து அழைத்த நியூ மெக்சிகோ ஸ்டேட்டிடம் சொந்த மண்ணில் 31-10 என்று தோற்றது.

இடமும் இதில் சேர்த்திதான். வயோமிங்கின் மைதானம் கடல் மட்டத்திலிருந்து 7,220 அடி உயரத்தில் இருக்கிறது. எஃப்பிஎஸ்ஸில் அதுதான் உச்சி. 2019இல் மிசோரி அங்கே போய் 37-31 என்று தோற்றது. 2023இல் டெக்சாஸ் டெக் 17-0 என்று முன்னிலை பெற்று, இரண்டு கூடுதல் நேரத்துக்குப் பின் 35-33 என்று தோற்றது. சமவெளி அணி அங்கே பருவத்தின் முதல் ஆட்டத்தை ஆட ஒப்புக்கொள்ளக் கூடாது. உடம்பு இன்னும் ஆட்டத் தகுதிக்கு வராத வாரம் அது. வயோமிங்கை நம் மண்ணுக்கு மட்டும் அழைக்கத் தனியாக விலை கேளுங்கள்.

தோல்விக்குப் பயப்படுவதா, வேண்டாமா

2014இல் பேய்லர் 11-1. எஸ்எம்யூ, நார்த்வெஸ்டர்ன் ஸ்டேட், பஃபலோ என்று மூன்றும் சப்பையான நான்-கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள், பிளேஆஃப் கிடைக்கவில்லை. அதே ஆண்டு ஒஹாயோ ஸ்டேட் இரண்டாம் வாரமே வர்ஜீனியா டெக்கிடம் சொந்த மண்ணில் 35-21 என்று தோற்று, கடைசியில் பட்டத்தையே தூக்கியது. செப்டம்பர் தோல்வியைச் சரிக்கட்ட நேரம் இருக்கும் என்பதுதான் வெகுகாலம் சொல்லப்பட்ட பாடம்.

2024இல் பிளேஆஃப் 12 அணிகளானது. அந்த ஆண்டு இந்தியானா எஃப்ஐயூ, வெஸ்டர்ன் இல்லினாய், ஷார்லட் மூவரையும் வென்று 11-1 என்று உள்ளே போனது. 2025இல் டெக்சாஸ் முதல் ஆட்டத்திலேயே ஒஹாயோ ஸ்டேட் மைதானத்துக்குப் போய் 14-7 என்று தோற்று, 9-3 என்று முடித்து வெளியே நின்றது. அந்த ஆட்டத்தை வைக்காமல் இருந்திருந்தால் 10-2 ஆகியிருப்போம் என்பது அவர்கள் பக்க வாதம். என் கணக்கில், அவர்களைக் கவிழ்த்தது 4-8 என்று முடித்த ஃபுளோரிடாவிடம் தோற்றதுதான். ஆனாலும் இயக்குநர்கள் அந்த வாதத்தைக் காதில் வாங்கிக்கொண்டார்கள்.

ஒன்பது கான்ஃபரன்ஸ் ஆட்டம் ஆடும் அணிக்குக் கனமான எதிரணி ஒன்று போதும். இரண்டு வைப்பது வீம்பு, ஒன்றுகூட வைக்காதது சூதாட்டம்; கான்ஃபரன்ஸில் இரண்டு தோல்வி வந்துவிட்டால் காட்ட எதுவும் இருக்காது. சிறிய கான்ஃபரன்ஸ் அணிக்கோ அந்த ஒன்று கட்டாயம். 2024இல் போய்சி ஸ்டேட் ஓரிகன் மண்ணில் 37-34 என்று தோற்றது. அந்தத் தோல்வியே அவர்களின் சான்றிதழ் ஆயிற்று. பிளேஆஃப் வரிசையில் மூன்றாம் அணியாக இறங்கினார்கள்.

விற்பவர்கள் செய்யும் தவறு

காசுக்காகப் போகும் அணிகளுக்கும் அளவு உண்டு. கென்ட் ஸ்டேட் 2022இல் வாஷிங்டன், ஓக்லஹோமா, ஜார்ஜியா மூன்று இடத்துக்கும் போனது. 2024இல் பிட்ஸ்பர்க், டென்னசி, பென் ஸ்டேட்: 55-24, 71-0, 56-0. நடுவில் எஃப்சிஎஸ் அணியான செயின்ட் ஃபிரான்சிஸிடமும் வீட்டில் தோற்று, ஆண்டை 0-12 என்று முடித்தார்கள். மூன்று காசோலை வருகிறதே என்று பார்த்தால், கான்ஃபரன்ஸ் தொடங்கும்போது காயமும் களைப்பும்தான் மிச்சம். ஒன்று போதும், பணத் தட்டுப்பாடு மோசமென்றால் இரண்டு, அதுவும் நடுவில் ஒரு வாரம் விட்டு.

கடைசியாக, வானிலை. 2018 செப்டம்பர் 1 அன்று நெப்ராஸ்காவில் ஆக்ரனுடனான ஆட்டம் தொடங்கி, முதல் கிக்ஆஃப் (ஆட்டத்தைத் தொடங்கும் உதை) முடிந்ததும் இடி மின்னல். ஆட்டம் நின்றது, திரும்பத் தொடங்கவே இல்லை. தன் ஓய்வு வாரமான அக்டோபர் 27க்கு எஃப்சிஎஸ் அணியான பெத்தூன்-குக்மேனை அழைத்துத்தான் நெப்ராஸ்கா 12ஐ நிரப்பியது. ஒரு கிக்ஆஃப் ஆடப்பட்டால் அது ஆடிய ஆட்டமா? வந்த அணிக்கு முழுத் தொகையா, பயணச் செலவு மட்டுமா? மறுநாள் ஞாயிறு ஆட முடியுமானால் தங்கும் செலவு யாருடையது? இந்த மூன்று கேள்விக்கும் பதில் ஒப்பந்தத்தில் ஒவ்வொரு வரியாக இருக்க வேண்டும்.