வால்வு வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்த்தாண்டத்தில் என் பட்டறையில் தொழில் பழகும் இரண்டு பையன்கள், நான் பழகிய காலத்தில் செய்த தவறுகளை ஏறக்குறைய அதே வரிசையில் செய்துகொண்டிருக்கிறார்கள். ஆயில் மாற்றாமல் ஓட்டுவது போன்ற எல்லோரும் அறிந்தவற்றை விட்டுவிட்டு, 100 சிசி பைக்குகளின் வால்வு (எஞ்சினுக்குள் காற்று வரும், புகை போகும் வழிகளைத் திறந்து மூடும் தண்டுள்ள அடைப்பான்) வேலையில் பணத்தையும் பெயரையும் கெடுப்பவற்றை மட்டும் எழுதுகிறேன்.

கம்பிரஷன் குறைந்ததும் ரிங்கைக் குறை சொல்வது

கிக்கர் லேசாக இறங்கினால், அதாவது கம்பிரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) குறைந்திருந்தால், பிஸ்டன் ரிங்கைப் பார்க்க உடனே பிளாக்கைக் (சிலிண்டரை) கழற்றக் கூடாது. கம்பிரஷன் கேஜில் அளவு பார்த்துவிட்டு, பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடியும் பாருங்கள். அளவு நன்றாக ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வின் மேல் சந்தேகம் வர வேண்டும். கம்பிரஸர் இருந்தால், இரண்டு வால்வுகளும் மூடிய நிலையில் பிளக் துளையில் காற்றைச் செலுத்துங்கள். சைலன்ஸரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வும், கார்புரேட்டர் பக்கம் சீறினால் இன்லெட் வால்வும் கசிகிறது.

சத்தத்தை நிறுத்த டாப்பெட்டை இறுக்குவது

இந்த ஒன்றை இன்றைக்கும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. டாப்பெட் என்பது, வால்வுத் தண்டை அழுத்தும் ராக்கர் என்ற கைக்கும் தண்டின் நுனிக்கும் நடுவே இடைவெளி வைக்கும் ஸ்க்ரூ. குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டும் பெரியவர் ஒருவர், "மக்களே, இந்த டிக் டிக் சத்தம் மட்டும் இல்லாம ஆக்கித் தா" என்று வண்டியை நிறுத்தினார். எஞ்சின் சூடாக இருந்தது. இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜை எடுக்காமல், காதை மட்டும் நம்பி ஸ்க்ரூவை இறுக்கினேன். சத்தம் நின்றது, அவரும் மகிழ்ந்தார், நானும் மகிழ்ந்தேன்.

சில வாரங்களில் ஒரு விசித்திரமான புகாரோடு வந்தார். விடியற்காலையில் ஒரே உதையில் கிளம்பும் வண்டி, ரப்பர் ஷீட்டை ஏற்றிக்கொண்டு பேச்சிப்பாறைச் சாலையில் மேடேறி டீக்கடையில் நின்றால், ஆறும்வரை கிளம்புவதில்லை. நான் கார்புரேட்டரைக் கழுவினேன், பிளக்கை மாற்றினேன். கடைசியில் அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த நாளில்தான் வால்வுகள் இருக்கும் ஹெட்டைக் கழற்றினேன். எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பு, வெற்றிலையின் ஓரத்தைக் கிள்ளியெடுத்ததுபோல் எரிந்து போயிருந்தது.

காரணம் எளியது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியைச் சீட்டில் (மூடும்போது அது பொருந்தும் வளையத்தில்) அமர்ந்திருக்கும்போதுதான் ஹெட்டுக்குக் கடத்துகிறது. இடைவெளி இல்லாவிட்டால், சூட்டில் நீளும் தண்டு வால்வை முழுமையாக மூடவிடாது; அந்தச் சந்து வழியே ஒவ்வொரு முறையும் நெருப்பு பாய்ந்து விளிம்பைத் தின்றுவிடும். சீட் தேயத் தேய வால்வு உள்ளே இறங்கி இடைவெளி தானாகவே குறையும் என்பதால், சத்தம் போடும் டாப்பெட்டைவிடத் திடீரென்று அமைதியான டாப்பெட்டுக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன்.

ஆகவே, வண்டியை இரவு முழுவதும் ஆறவிட்டுக் காலையில் கையேட்டு அளவுக்கு வையுங்கள். மேக்னெட்டில் (கிராங்க் முனையில் சுற்றும் சக்கரத்தில்) பிஸ்டன் உச்சிக்கு வந்ததைக் காட்டும் 'டி' குறி நேராக வந்தால் மட்டும் போதாது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் வால்வைத் திறக்கும் கேம் ஒரு சுற்று சுற்றும்; அதனால் வால்வு திறந்திருக்கும்போதும் அந்தக் குறி ஒருமுறை வரும். இரண்டு ராக்கர்களும் கையால் ஆட்டினால் லேசாக ஆட வேண்டும். ஆடாவிட்டால் கிராங்கை இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள்.

வளைந்த வால்வை லேப்பிங் செய்வது

கேமைச் சுற்றும் டைமிங் செயின் நழுவி பிஸ்டன் இடித்த வால்வை, பேஸ்ட் போட்டுச் சீட்டோடு எத்தனை மணி நேரம் தேய்த்து லேப்பிங் செய்தாலும் சீட் பிடிக்காது. தண்டைக் கண்ணாடிமேல் உருட்டிப் பாருங்கள். தலை ஆடினால் வால்வைத் தூக்கிப் போடுங்கள்.

பழைய ஸ்டெம் சீலைத் திரும்பப் போடுவது

வால்வுத் தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர் அது. பழையதைப் போடாதீர்கள்.

லேப்பிங் பேஸ்டை மிச்சம் விடுவது

அது வால்வுத் தண்டு ஏறி இறங்கும் கைடைத் தின்னும்.

கண்ணால் பார்த்து முடிவு செய்வது

லேப்பிங்கில் வரும் சாம்பல் நிற வளையம் முழுதாகத் தெரிந்தாலும், ஸ்பிரிங் மாட்டிய பிறகு போர்ட்டில் (வால்வுக்குப் பின்னாலுள்ள காற்று, புகை வழியில்) பெட்ரோல் ஊற்றிக் கசிகிறதா என்று பார்த்தே தீர வேண்டும். நேற்று மூத்த பையன் "நல்லா பிடிச்சிருக்குண்ணே" என்று காட்டிய ஹெட்டில், ஐந்து நிமிடத்தில் எக்ஸாஸ்ட் ஓரம் ஈரமாகிவிட்டது. சீட் வெட்ட அதை இன்று லேத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.