வீட்டுக்குள்ள வைக்கிற மிளகா, தக்காளி நாத்து ஏன் சாயுது?
தண்டு நூல் மாதிரி நீண்டு சாஞ்சா உரம் பத்தலன்னு எதையும் ஊத்தாதீங்க, வெளிச்சம் பத்தல அவ்ளோதான், எல்இடி லைட்ட கொஞ்சம் கிட்ட எறக்கி ஒரு நாளைக்கு 14-16 மணி நேரம் எரிய விடுங்க. ஆனா மண்ணு ஒட்டுற எடத்துல தண்டு கருத்து சுருங்கி பொத்துனு விழுந்தா அது நாத்தழுகல், பித்தியம் மாதிரி கிருமியோட வேலை, அந்த செடி தேறாது, புடுங்கி எறிஞ்சிட்டு மத்ததுக்கு தண்ணிய கொறைங்க (என் மொத ட்ரேய பாசத்துல ஊத்தி ஊத்தியே கொன்னேன்), மேல்மண்ணு காஞ்சப்புறம் ட்ரேக்கு அடியில ஊத்தி உறிஞ்ச விட்டு மீதிய கொட்டிடுங்க, சின்ன ஃபேன் மெதுவா ஓடட்டும். நெஜ இலை நாலஞ்சு வந்தப்புறம் அடியில வித்திலை ரெண்டு (மொளைக்கும்போது மொதல்ல வந்த இலைங்க) மட்டும் பழுத்தா கண்டுக்காதீங்க.