பாதியில் நின்ற ஒட்டுத்துணிப் போர்வையைத் தைத்து முடிக்க

பல வருஷம் பெட்டிக்குள் கிடந்த ஒட்டுத்துணிப் போர்வையை வெளியே எடுத்ததும் கை தானாகக் கத்தரிக்கோலைத் தேடும். துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் சதுரங்களில், அதாவது கட்டங்களில், பழைய கணக்கில் எத்தனை பாக்கியோ அத்தனையையும் வெட்டிவிடத் தோன்றும். வேண்டாம். புதிதாக ஒரு கட்டம்கூட வெட்டாதீர்கள். கையில் இருக்கும் கட்டங்களை வைத்தே போர்வையின் அளவை முடிவு செய்யுங்கள்.

மதுரை புது மண்டபத்தில் தையல் கடைகள் இருந்த காலத்தில் தொடங்கியது என்னுடைய போர்வை. அங்கே கேட்டு வாங்கிய ஜாக்கெட் வெட்டுத்துணி, அம்மாவின் பழைய சுங்குடி, பிள்ளைகளின் பாவாடைத் துணி எல்லாம் அதில் கலந்திருக்கிறது. இப்படிக் கலந்த துணி எல்லாம் ஒன்றுபோல நைவதில்லை. ஆகவே முதல் வேலை துணியைச் சோதிப்பது.

கட்டங்களை உதறி, உள்பக்கம் மேலே தெரியும்படி காலை வெயிலில் போடுங்கள். பூஞ்சை வாடை போகும், பூச்சி இருந்தால் விலகும். குண்டூசி குத்தியிருந்தால் உடனே உருவி எடுங்கள், துரு பருத்தியை அரித்துவிடும். பிறகு ஒவ்வொரு கட்டத்தையும் மடிப்பு விழுந்த இடத்தில் இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவே பிடித்து இழுத்துப் பாருங்கள். இழை விலகினால் அந்தத் துண்டு உழைக்காது. அம்மாவின் புடவை என்றால் தூக்கிப்போட மனம் வராது, எனக்கும் வராது. அதன்மேல் வேறொரு நல்ல துணியை மடித்து வைத்துக் கையால் தைத்து மூடிவிடுங்கள், அம்மாவின் துணி உள்ளேயே இருக்கட்டும்.

அடுத்தது சாயம். சிவப்பு, கருநீலம், அரக்கு நிறத் துண்டுகளை நனைத்து, பழைய வெள்ளை வேட்டித் துணியில் வைத்துச் சூடாக இஸ்திரி போடுங்கள். வெள்ளையில் கறை ஏறினால் அந்தத் துண்டைப் பிரித்து எடுத்துவிடுவதே நல்லது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பார்கள், நம்பி இறங்காதீர்கள். பாலியஸ்டரா என்ற சந்தேகம் வந்தால் ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும்.

இனிதான் கணக்கு. தைத்து முடிந்தால் 9 இஞ்சு வரும் கட்டங்கள் 30 தேறினால் போதும். அகலத்துக்கு 5, நீளத்துக்கு 6 என்று அடுக்கினால் 45க்கு 54 இஞ்சுதான் வரும், பெரியவர்களுக்குப் பற்றாது. கட்டங்களுக்கு நடுவிலும் சுற்றிலும் 3 இஞ்சுப் பட்டி கொடுங்கள். 63க்கு 75 இஞ்சு ஆகிவிடும், ஒற்றைக் கட்டிலுக்கு நிறைவான போர்வை. தையலுக்குப் பக்கத்துக்குக் கால் இஞ்சு சேர்த்துப் பட்டியை 3½ இஞ்சாக வெட்ட வேண்டும். 44 இஞ்சு பன்னாவில், அதாவது அகலத்தில், சுமார் இரண்டேகால் மீட்டர் துணி பிடிக்கும். வெட்டுவதற்கு முன்னால் நனைத்துக் காயவைத்துவிடுங்கள், சுருங்கவேண்டியது அப்போதே சுருங்கட்டும். நான் வெளுக்காத காடாத்துணி எடுத்தேன். அத்தனை நிறங்களுக்கு நடுவே கண்ணுக்கு ஓய்வு கொடுப்பது அதுதான்.

பட்டி கொடுப்பதில் இன்னொரு லாபம், கட்டத்தின் மூலைகள் ஒன்றோடொன்று நேராகச் சேர வேண்டியதில்லை. பழைய தையலில் சின்னச் சின்ன ஏற்ற இறக்கம் இருக்கும். பெரிய கட்டத்தைத் தறித்துச் சமமாக்குங்கள், சிறியதற்கு ஓரத்தில் மெல்லிய துண்டு சேர்த்துத் தையுங்கள். பிரித்துத் தைக்கவே வேண்டாம். அந்த வயதில் உங்கள் கை போட்ட தையல் அது, இருக்கட்டும்.

எந்தக் கட்டத்திலும் சேராத துண்டுகள் மிஞ்சும். கர்நாடகத்தில் யெல்லாப்பூர், ஹலியாள் பக்கத்தில் வாழும் சித்தி என்ற ஆப்பிரிக்க வம்சாவளிச் சமூகத்துப் பெண்கள் அளவெடுக்காமலே கவந்தி என்ற போர்வை தைக்கிறார்கள். பழைய புடவையை விரித்து, ஓரத்திலிருந்து தொடங்கி, துண்டுகளின் விளிம்பை மடித்து வைத்து, ஊசியை மேலும் கீழுமாக ஓட்டும் ஓட்டுத்தையலாகவே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். மூலைக்கு மூலை முக்கோணமாக மடித்த துணிப்பூவும் உண்டு. மிஞ்சிய துண்டுகளுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. குழந்தைக்குப் போர்த்த ஒன்று தனியாகக் கிடைத்துவிடும்.

பெரிய போர்வைக்கு உள்ளே பஞ்சு வேண்டாம். மதுரை வெக்கைக்குப் பழைய பருத்திப் புடவையே போதும். ஐந்தரை மீட்டர் புடவையில் 80 இஞ்சு நீளத்துக்கு இரண்டு துண்டு வெட்டிப் பக்கவாட்டில் இணைத்தால் ஓர் அடுக்கு ஆகிவிடும். நைந்த பக்கத்தை வெட்டி ஒதுக்கிவிடுங்கள். உள்ளே ஒன்று, அடியில் ஒன்று என இரண்டு புடவை வைத்துக்கொள்ளுங்கள். தரையில் சுருக்கமில்லாமல் விரித்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் பெரிய பெரிய தையலாகத் தற்காலிகமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு நாலு விரல் இடைவெளியில் ஓட்டுத்தையல் போடுங்கள். மெஷினில் தைப்பதானால் 16ஆம் நம்பர் ஊசி மாட்டுங்கள், பல மாதம் ஓடாத மெஷினுக்கு எண்ணெய் விட்டு வேஸ்ட் துணியில் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டுத் தொடங்குங்கள். விளிம்புக்கு இரண்டரை இஞ்சுப் பட்டியை இரண்டாக மடித்துத் தைத்து, பின்பக்கம் திருப்பிக் கையால் எம்மிங் செய்யுங்கள்.

முதல் துவைப்பு தனியாக, பச்சைத் தண்ணீரில். பிழியாமல், இரண்டு கொடிகளுக்குக் குறுக்கே விரித்து நிழலில் காயப்போடுங்கள்.