புளியை முந்தவிடாதீர்கள்: சைவம் சமைக்கத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பருப்பு கரையவில்லை, தவ்குவா (கெட்டியான தோஃபூ) சட்டியோடு ஒட்டிக்கொண்டது, எலுமிச்சைச் சாதம் களியாகிவிட்டது. சிங்கப்பூரில் தேக்கா பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கும் தம்பிகளும் பொங்கோலில் புது வீட்டுக்குக் குடிபோன தம்பதிகளும் புலம்புவது பெரும்பாலும் இந்த மூன்றைத்தான். இன்று நன்றாகச் சமைக்கிறவர்களும் ஒரு காலத்தில் இதே இடங்களில் வழுக்கியவர்கள்தான். உப்பு கூடிவிட்டது, அடிப்பிடித்துவிட்டது என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதை நாக்கும் மூக்கும் சொல்லிக்கொடுத்துவிடும். எங்கே பிசகியது என்று சமைத்தவருக்கே தெரியாமல் போகிற தவறுகள்தான் திரும்பத் திரும்ப நடக்கின்றன.

பருப்பு வேகும் முன் புளி

பூன் கெங்கில் நான்கு பேர் சேர்ந்து தங்கியிருக்கும் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. இணையத்தில் பார்த்த "ஒரே குக்கரில் சாம்பார்" செய்முறையை நம்பி, மாலை ஏழு மணிக்கு அடுப்பை மூட்டினார்கள். துவரம்பருப்பு, முருங்கைக்காய், முள்ளங்கி, மூன்று தக்காளி, சாம்பார்த்தூள், போத்தல் புளி எல்லாம் ஒன்றாகக் குக்கருக்குள் போயின. ஐந்து விசில் வந்தது. திறந்தால் பருப்பு முழுசு முழுசாக மிதக்கிறது. மூடி இன்னும் நான்கு விசில். கொஞ்சம் தண்ணீர் ஊற்றி மறுபடி மூன்று. முருங்கைக்காயின் சதை கழன்று நாரும் தோலும் மட்டும் நின்றன. பருப்பு அப்போதும் பல்லில் கடிபட்டது. ஒன்பதரைக்கு யாரோ சொல்லக் கேட்டு ஒரு தேக்கரண்டி சோடா மாவைக் கொட்டினார்கள். நுரை பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. புளிப்பு செத்து, சவர்க்கார வாடை வந்தது. நான்கு பேரும் கீழே கோப்பிக்கடையில் புரோட்டா சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்கள். மறுநாள் பக்கத்து வீட்டு அக்காவிடம் அவர்கள் கேட்ட கேள்வி: "அக்கா, குக்கர் கெட்டுப்போச்சா?"

குக்கருக்கு ஒன்றும் ஆகவில்லை. பருப்பிலும் காயிலும் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருப்பது பெக்டின் என்ற பசை. வெந்நீரில் அது இளகிக் கரையும்போதுதான் நாம் "வெந்துவிட்டது" என்கிறோம். புளிப்பான நீரில் அது எளிதில் கரையாது, இறுகியே நிற்கும். குக்கருக்குள் வெப்பம் 120 பாகை செல்சியஸை எட்டினாலும், புளித்தண்ணீரில் கிடக்கும் பருப்பு அடம்பிடிக்கும். விசிலைக் கூட்டினால் காய் சிதையும், கேஸ் தீரும்.

இந்தத் தவறு இன்னும் எரிச்சலூட்டக் காரணம், "நேரம் மிச்சம்" என்று சொல்லியே இதை விற்கிறார்கள். தனித்தனியாகச் செய்தால், ஊறவைக்கும் நேரம் போக, நாற்பது நிமிடத்தில் முடிகிற வேலை இது. நான்கு பேருக்குக் கணக்கு இதோ:

துவரம்பருப்பு 150 கிராம். கழுவி அரை மணி நேரம் ஊறட்டும். 450 மில்லி தண்ணீர், கால் தேக்கரண்டி மஞ்சள்தூள், அரைத் தேக்கரண்டி எண்ணெய். எண்ணெய் நுரையை அடக்கும். இல்லாவிட்டால் நுரை விசில் துளையை அடைக்கும். அதனால்தான் பருப்பு வேகவைக்கும்போது குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துப் பத்து நிமிடம். ஆவி தானாக அடங்கட்டும். கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டினால் குழைந்துவிட வேண்டும்.

அதே நேரத்தில் பக்கத்து அடுப்பில் 300 மில்லி தண்ணீர், காய், உப்பு, இரண்டு தேக்கரண்டி சாம்பார்த்தூள். முருங்கைக்காயும் முள்ளங்கியும் வேகப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். கத்தி முனை தடையில்லாமல் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கிய பிறகே புளி. 25 கிராம் கட்டிப்புளியை 250 மில்லி வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் ஊறவைத்துப் பிழிந்து வடிகட்டி ஊற்றி, பச்சை வாடை போக ஏழு நிமிடம் கொதிக்கவிடுங்கள். கடைசியாக மசித்த பருப்பு, ஐந்து நிமிடம் சிறுதீ, தாளிப்பு.

தக்காளியும் புளிப்புதான். பாதிப்பேர் இதை மறந்துவிடுகிறார்கள். புதுப்பருப்போடு பழுத்த தக்காளி ஒன்று போட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது. மூன்று போட்டால் புளி ஊற்றியது மாதிரிதான்.

இங்கே இன்னொரு குழப்பமும் உண்டு. போத்தலில் வரும் கெட்டிப்புளி கட்டிப்புளியைவிட அடர்த்தியான புளிப்பு. நிறுவனத்துக்கு நிறுவனம் அடர்த்தி மாறும். 250 மில்லி தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டியில் தொடங்கி, நாக்கில் வைத்துப் பார்த்துக் கூட்டுங்கள். மலாய்க் கடைகளில் காய்ந்த வில்லைகளாகக் கிடைக்கும் அசாம் கெப்பிங்கைப் புளி என்று நினைத்து வாங்கிவருபவர்களும் இருக்கிறார்கள். அது அசாம் கெலுகோர் என்ற வேறொரு மரத்தின் காய், நம் குடம்புளிக்கு உறவு. புளிப்பு ஏறும், ஆனால் சாம்பாருக்கு வேண்டிய பழுப்பும் கெட்டித்தன்மையும் அதில் வராது.

சரி, தெரியாமல் ஊற்றிவிட்டீர்கள். சோடா மாவைத் தொடாதீர்கள். புளித்தண்ணீரோடு சேர்ந்தால் அது நுரைத்துத் தீர்ந்துபோகும். மிஞ்சினால் வாடை அடிக்கும், பருப்பில் இருக்கும் தயாமின் சத்தையும் அழிக்கும். வடிதட்டை எடுத்து, குழம்புத் தண்ணீரை ஒரு பாத்திரத்தில் வடித்து வையுங்கள். வெந்த காயைப் பொறுக்கித் தனியே வைத்துவிட்டு, பருப்பில் மட்டும் புது வெந்நீர் ஊற்றிக் குக்கரில் பத்து நிமிடம். மசித்த பின் வடித்த தண்ணீரைத் திரும்ப ஊற்றுங்கள். இருபது நிமிடம் கூடுதலாகும், சாம்பார் பிழைத்துக்கொள்ளும்.

புளிப்பின் இந்தக் குணத்தைத் தெரிந்தே பயன்படுத்துகிற சமையலும் இருக்கிறது. வெண்டைக்காய்ப் புளிக்குழம்பில் காயை எண்ணெயில் முக்கால் பதம் வதக்கிவிட்டுப் புளியில் போடுகிறோம். அரை மணி நேரம் கொதித்தாலும் துண்டு துண்டாகவே நிற்கும், வழவழப்பும் அடங்கும்.

பழைய பருப்பு

புளியே ஊற்றவில்லை, ஆனாலும் வேகவில்லை என்றால் பருப்பின் வயதைப் பாருங்கள். வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த இடத்தில் மாதக்கணக்கில் இருக்கும் பருப்பு இறுகிவிடும். பிறகு எவ்வளவு ஊறவைத்தாலும் முழுதாகக் குழையாது. சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல், பகல் வெப்பம் 31 பாகையைத் தொடும். சமையலறை அலமாரி இதைவிடச் சூடு. தீபாவளிக் கழிவில் 5 கிலோ வாங்கி அடுத்த தீபாவளி வரை வைத்திருந்தால் கல்தான் மிஞ்சும். ஒன்றிரண்டு பேர் உள்ள வீட்டுக்கு 500 கிராம் போதும். பிரித்த பொட்டலத்தைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள், வண்டும் வராது. ஏற்கெனவே பழசாகிவிட்டதைத் தூக்கிப் போட வேண்டாம், ஊறவைத்து அரைத்தால் அடைக்கு நன்றாகவே இருக்கும்.

விசிலை எண்ணுவது

விசில் நேரத்தின் அளவு அல்ல. பெரிய தீயில் மூன்று நிமிடத்தில் நான்கு விசில் வரும், சிறிய தீயில் பத்து நிமிடத்துக்கு ஒன்றுதான் வரும். கடிகாரத்தைப் பாருங்கள்.

தவ்குவாவைப் பொட்டலத்திலிருந்து நேரே எண்ணெயில்

தவ்குவாவுக்குள் இருப்பது பெரும்பாலும் தண்ணீர். அந்த ஈரம் ஆவியாகும் வரை மேற்பரப்பு 100 பாகையைத் தாண்டாது, தாண்டாவிட்டால் சிவக்காது. எண்ணெய் முகத்தில் தெறிக்கும், துண்டு சட்டியில் ஒட்டும், பிய்த்தால் பொடியாகும்.

300 கிராம் கட்டியை இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டுங்கள். 500 மில்லி கொதிநீரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, அதில் துண்டுகளைப் பதினைந்து நிமிடம் போட்டு வையுங்கள். தண்ணீரில் ஊறவைத்தால் தண்ணீர் போகுமா என்று கேட்பார்கள், போகும். சூடும் உப்பும் கட்டியை இறுக்கி ஈரத்தை வெளியே தள்ளும், உள்ளே உப்பும் பிடிக்கும். வடித்துத் துணியில் பரப்பி ஒற்றியெடுங்கள். சட்டி நன்றாகக் காய்ந்த பிறகு இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், அது சூடேறியதும் துண்டுகள், ஒன்றை ஒன்று தொடாமல். அடுத்த நான்கு நிமிடம் கரண்டியைக் கீழே வைத்துவிடுங்கள். அடி சிவந்ததும் துண்டு தானாகவே சட்டியை விட்டு வரும். சோயா சாறு கடைசி அரை நிமிடத்தில். முன்பே ஊற்றினால் அதிலுள்ள இனிப்பு கருகும்.

குழாய் வடிவ உறையில் மஞ்சள் நிறத்தில் விற்கப்படும் மென்மையான தோஃபூவில் முட்டை இருக்கிறது. முட்டை சாப்பிடாத வீடுகளுக்கு அது ஆகாது.

பொட்டலச் சீட்டைப் படிக்காமல் வாங்குவது

சம்பால் என்றால் மிளகாய் விழுது என்று நினைத்து வாங்குகிறோம். பெரும்பாலானவற்றில் பெலாச்சான் இருக்கும், அதாவது இறாலைப் புளிக்கவைத்துச் செய்த கட்டி. லக்சா விழுதில் காய்ந்த இறால். சிப்பிச் சாறு பெயரிலேயே சொல்லிவிடுகிறது. அதற்குப் பதில் காளானில் செய்தது அதே அலமாரியில் இருக்கும்.

பொடி எழுத்தில் இருபது பொருள்களைப் படிக்கப் பொறுமை இல்லையா? ஒவ்வாமை வரிக்குப் போங்கள். பொட்டலத்தில் அடைத்து விற்கும் உணவில் இறால், நண்டு வகை, மீன், முட்டை, பால், சோயா, வேர்க்கடலை முதலியவை இருந்தால் அதைக் குறிப்பிட வேண்டும் என்பது சிங்கப்பூரின் உணவு விதி. இறாலும் மீனும் அங்கே மாட்டிக்கொள்ளும். ஜெலட்டினும் கொழுப்பும் அந்த வரிசையில் வராது. அவற்றுக்கு முழுச் சீட்டையும் பார்த்தே ஆக வேண்டும். சைவ "இறைச்சி" வகைகள் சிலவற்றில் முட்டை வெள்ளை சேர்ப்பதுண்டு.

ஹலால் முத்திரை சைவ முத்திரை அல்ல.

ராஜ்மாவை மெதுவடுப்பில் (slow cooker)

வேண்டாம். பச்சை ராஜ்மாவில் இருக்கும் லெக்டின் என்ற புரதம் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும். மெதுவடுப்பின் குறைந்த சூடு அதை அழிக்காது. அரைவேக்காட்டில் நச்சுத்தன்மை கூடவும் கூடும். இரவெல்லாம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று அரை மணி நேரம் கொதிக்கவிட்ட பிறகு எந்த அடுப்பில் வேண்டுமானாலும் வையுங்கள். குக்கர் இன்னும் எளிது.

தேங்காய்ப்பாலும் கொதியும்

சாயூர் லோடே (தேங்காய்ப்பாலில் செய்யும் காய்கறிக் குழம்பு), சொதி, குருமா மூன்றுக்கும் பொருந்தும். ஈரச்சந்தையில் புதிதாகப் பிழிந்து வாங்கிய கெட்டிப்பால் தளதளவென்று கொதித்தால் திரியும். காய் வெந்த பின் ஊற்றி, ஓரத்தில் சிறு குமிழ் வந்ததும் அணைத்துவிடுங்கள். பொட்டலப் பாலில் திரியாமலிருக்கச் சேர்மானம் போடுவதால் கொஞ்சம் தாங்கும். புளிப்பு இங்கேயும் எதிரிதான்: சொதிக்கு எலுமிச்சை இறக்கிய பிறகு, ஆறத் தொடங்கும்போது.

கங்கோங் கீரைக்கு மூடி

போடாதீர்கள். தண்டு முதலில், ஒரு நிமிடம் கழித்து இலை, பெரிய தீயில் மொத்தம் மூன்று நிமிடம். கீரை வதங்கிய பிறகு உப்பு.

எலுமிச்சைச் சாதத்துக்குத் தாய்லாந்து வாசனை அரிசி, பொன்னிக் கணக்கில் தண்ணீர்

வாசனை அரிசி இயல்பிலேயே ஒட்டும். ஒரு கப் பொன்னிக்கு இரண்டரைக் கப் தண்ணீர் வைத்துப் பழகிய கை அதே அளவை இதற்கும் வைத்தால் கஞ்சிதான். கழுவி வடித்த வாசனை அரிசிக்கு ஒன்றுக்கு ஒன்று, மிஞ்சினால் ஒன்றேகால். வெந்ததும் அகலத் தட்டில் பரப்பி, ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு இருபது நிமிடம் ஆறவிடுங்கள். சூட்டோடு கிளறினால் உடையும்.

ஆறட்டும் என்று வைத்துவிட்டு மறந்தும் போகாதீர்கள். அரிசியில் இருக்கும் பசில்லஸ் செரியஸ் கிருமியின் வித்துகள் கொதியிலும் சாகாது. 5 முதல் 60 பாகை வரை உள்ள சூட்டில் முளைத்துப் பெருகும். அது உண்டாக்கும் வாந்தி நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிடுங்கள், அல்லது குளிர்பதனப் பெட்டிக்கு அனுப்புங்கள். காலையில் கட்டிய சாதத்தை அலுவலக மேசையில் மதியம் வரை வைத்திருப்பவர்கள் கவனிக்க: அலுவலகக் குளிரூட்டி 24 பாகையில் ஓடினாலும் அது இந்த எல்லைக்குள்தான்.

எலுமிச்சைச் சாறு தாளிப்பில்

கசக்கும். அடுப்பை அணைத்த பிறகு.