டாஃபடில் பூவைப் பார்க்காதவர் டாஃபடில் கவிதையைப் படிப்பது எப்படி?

பி.ஏ. ஆங்கில இலக்கியத்தில் சேர்ந்த முதல் மாதத்தில் நான் செய்தது இதுதான். கடைவீதியில் ஒரு நோட்ஸ் வாங்கினேன். கவிஞர் பிறந்த ஆண்டு, எழுதிய நூல்கள், கவிதையின் 'மையக்கருத்து' மூன்றையும் நெட்டுருப் போட்டேன். தேர்வில் தேறியும் விட்டேன். அடுத்த ஆண்டு 'பண்பாட்டு ஆய்வு' என்று ஒரு தாள் வந்தது. பழைய வழக்கப்படி கவிஞர்களின் பெயர்களுக்குப் பதிலாகக் கோட்பாட்டாளர்களின் பெயர்களை நெட்டுருப் போட்டேன். ஐந்து பருவம் முடிந்த பிறகும் ஒரே ஒரு கவிதையை என்னால் சொந்தமாகப் படிக்க முடியவில்லை.

இந்தப் பதிவு அந்த முதலாண்டு மாணவனுக்காக எழுதியது. ஒரே ஒரு கவிதையை எடுத்து, பென்சிலில் தொடங்கி பண்பாட்டு ஆய்வு வரைக்கும் நடக்கப் போகிறோம். கவிதை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: வில்லியம் வேர்ட்ஸ்வொர்த்தின் டாஃபடில் கவிதை. 24 வரி, நான்கு பத்தி. நம்மில் பலர் பள்ளியிலேயே ஒப்பித்தது. ஒப்பித்த கவிதை என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

படி 1: பொழிப்புரை எழுதாதீர்கள்

தமிழ் வகுப்பில் பதவுரை, பொழிப்புரை என்று பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கத்தில் பாதி நமக்கு உதவும், பாதி காலை வாரும். "கவிஞர் தனியாக அலைந்தார், ஏரிக்கரையில் மஞ்சள் பூக்களைக் கண்டார், பிறகு அதை நினைத்து மகிழ்ந்தார்" என்று எழுதினால் அது பொழிப்புரை. கவிதையைப் படிக்காதவனுக்குக் கதை சொல்ல அது போதும். உங்கள் ஆசிரியர் கவிதையைப் படித்தவர்.

பதவுரைப் பழக்கம் மட்டும் கைகொடுக்கும். கவிதையை ஒரு தாளில் கையால் எழுதிக்கொண்டு, திரும்பத் திரும்ப வரும் சொற்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். ஆட்டத்தைக் குறிக்கும் 'டான்ஸ்' என்ற சொல் ஏதாவது ஒரு வடிவத்தில் ஒவ்வொரு பத்தியிலும் ஒருமுறை வருகிறது. முதல் பத்தியில் பூக்கள் ஆடுகின்றன, இரண்டாவதிலும் பூக்கள், மூன்றாவதில் அலைகள், நான்காவதில் கவிஞரின் நெஞ்சு. ஆட்டம் வெளியே இருந்து உள்ளே நகர்ந்துவிட்டது. இதைக் கண்டுபிடிக்கக் கோட்பாடு எதுவும் தேவையில்லை. எண்ணத் தெரிந்தால் போதும்.

அடுத்து, ஒன்றோடொன்று முரண்படும் சொற்களைத் தேடுங்கள். முதல் வரியிலேயே 'லோன்லி' வந்துவிடுகிறது. தனியன். ஆனால் பூக்களைக் குறிக்க அவர் எடுக்கும் சொற்களைப் பாருங்கள்: 'கிரவுட்', 'ஹோஸ்ட்', பிறகு 'கம்பெனி'. மூன்றுமே மனிதக் கூட்டத்துக்கான சொற்கள். தனிமையைப் பற்றிய கவிதையில் இத்தனை நெரிசல் ஏன்? இந்தக் கேள்வியை ஓரத்தில் எழுதி வையுங்கள். கட்டுரையே இதிலிருந்துதான் பிறக்கப் போகிறது.

படி 2: தெரிந்த சொல்லுக்கு அகராதி பாருங்கள்

தெரியாத சொல்லுக்கு எல்லோரும் அகராதி பார்ப்பார்கள். இலக்கிய மாணவர் தெரிந்த சொல்லுக்கும் பார்க்க வேண்டும். அதற்கு ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் பெரிய பதிப்பு வேண்டும். ஒரு சொல் எந்த நூற்றாண்டில் எந்தப் பொருளில் வழங்கியது என்று மேற்கோளோடு காட்டுவது அதுதான். உங்கள் கல்லூரி நூலகத்தில் அதன் இணையச் சந்தா இருக்கிறதா என்று கேளுங்கள்.

'ஹோஸ்ட்' என்றால் இன்று நமக்கு விருந்தளிப்பவர். ஆனால் இங்கே வருவது வேறு சொல். பகைவனைக் குறிக்கும் ஒரு லத்தீன் சொல்லிலிருந்து கிளைத்து, படை என்றாகி, பெருந்திரள் என்று விரிந்தது. விவிலியத்தில் தேவதூதர் கூட்டத்தைச் சொல்லவும் அதையே பயன்படுத்துகிறார்கள். ஒரு சாதாரணப் பூக்கூட்டத்துக்குப் பின்னால் படையும் வானுலகமும் நிற்கின்றன.

படி 3: பாடபேதம்

உ.வே.சாமிநாதையர் ஏடு தேடி அலைந்த கதை நமக்குத் தெரியும். ஓர் ஏட்டில் ஒரு சொல், மற்றோர் ஏட்டில் வேறு சொல். அச்சுக்காலக் கவிதைக்கும் இது உண்டு. டாஃபடில் கவிதை 1807-ல் வெளிவந்தபோது அதில் மூன்று பத்திகள்தான். இன்று நாம் படிக்கும் நான்கு பத்தி வடிவம் 1815-ல் வந்தது. விண்மீன்களோடு பூக்களை ஒப்பிடும் இரண்டாம் பத்தியை அப்போதுதான் சேர்த்தார். முதல் வடிவத்தில் பூக்கள் 'பொன்னிற' டாஃபடில்கள் அல்ல, 'ஆடும்' டாஃபடில்கள். 'ஜோகண்ட்' கம்பெனி, அதாவது களிப்பான கூட்டம், அப்போது 'சிரிக்கும்' கம்பெனியாக இருந்தது.

படி 1-ல் நாம் எண்ணியதை இங்கே சரிபாருங்கள். பத்திக்கு ஓர் ஆட்டம் என்ற அந்த ஒழுங்கு 1807-ல் இல்லை. முதல் பத்தியிலேயே இரண்டு முறை ஆட்டம் வந்திருந்தது. ஒன்றை வெட்டிப் 'பொன்' வைத்ததும், புதிய பத்தியில் ஒன்றைச் சேர்த்ததும் திருத்தத்தில் நடந்தவை. பொன் நுழைந்ததும் மூன்றாம் பத்தியின் கடைசி வரியில் வரும் 'வெல்த்' என்ற சொல்லுக்கு, அதாவது செல்வத்துக்கு, ஒரு சோடி கிடைத்துவிடுகிறது. பார்த்த காட்சி ஒரு வரவாகச் சேர்கிறது, பிறகு கடைசிப் பத்தியில் கவிஞர் சோபாவில் படுத்துக்கொண்டு அந்தச் சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழிக்கிறார்.

படி 4: உடன் நடந்தவர் யார்?

எனக்கு மிகவும் பிடித்த படி இது. அவசரப்படாமல் செய்யுங்கள்.

கவிதை எழுதியது 1804-ல். பூக்களைப் பார்த்தது 1802 ஏப்ரல் 15. இவ்வளவு துல்லியமாக நாள் தெரிவதற்குக் காரணம், கவிஞரின் தங்கை டாரதி நாட்குறிப்பு எழுதும் பழக்கமுள்ளவர். அன்று இருவரும் அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையோரம் நடந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். கவனியுங்கள்: இருவரும்.

டாரதியின் குறிப்பில் அன்று காற்று கடுமையாக வீசியது, மூச்சையே பறித்தது, திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தார்கள். கவிதையில் அது இளந்தென்றல். குறிப்பில் பூக்கள் ஆடின, தள்ளாடின, காற்றோடு சேர்ந்து சிரித்தன. ஆட்டம், சிரிப்பு இரண்டும் அண்ணனின் கவிதைக்குள் வந்துவிட்டன. ஆனால் சில பூக்கள் களைப்பில் தலையணையில் சாய்வதுபோலப் பாசிக் கல்லில் தலைசாய்த்திருந்தன என்றும் டாரதி எழுதியிருக்கிறார். கவிதையில் களைத்த பூ ஒன்றுகூட இல்லை. படுத்திருப்பவர் கவிஞர் மட்டுமே. பூவின் தலையணை கவிஞரின் சோபாவாக மாறிவிட்டதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. நிரூபிக்க முடியாது, ஆனால் இப்படிச் சந்தேகப்படப் பழக வேண்டும்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. "வேர்ட்ஸ்வொர்த் பொய் சொன்னார், தங்கையை மறைத்தார்" என்று உற்சாகமாக எழுதிவிடாதீர்கள். நம் சங்கப் பாடல்களில் தலைவி கூற்றாக வருவதை ஓர் ஆண் புலவர் பாடியிருப்பார். அந்தத் தலைவியே புலவர் என்று நாம் சொல்வதில்லை. கவிதையில் வரும் 'நான்' என்பதும் ஒரு கூற்றுதான். நாட்குறிப்புக்கு அது கட்டுப்பட்டதல்ல. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஒருவரை வெளியே விட்டதால் கவிதைக்கு என்ன கிடைத்தது? இப்போது படி 1-ல் ஓரத்தில் எழுதிய கேள்வியைப் பாருங்கள். உடன் வந்த மனிதர் போய்விட்டார், கூட்டத்துக்கான சொற்களெல்லாம் பூவுக்குப் போய்விட்டன.

படி 5: கவிதை எங்கெல்லாம் போனது?

இதுவரை செய்தது இலக்கிய வாசிப்பு. பண்பாட்டு ஆய்வு இனிமேல்தான் தொடங்குகிறது. அந்தத் துறைக்கென ஒரு மையத்தை 1964-ல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஹாகர்ட் தொடங்கினார். அவருக்குப் பிறகு அதை நடத்தியவர் ஸ்டூவர்ட் ஹால், ஜமைக்காவிலிருந்து படிக்க வந்தவர். ஒரு படைப்பு நல்லதா என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. அதை யார் பரப்பினார்கள், யார் எந்த நிலையிலிருந்து பெற்றுக்கொண்டார்கள் என்று கேட்டார்கள். 1973-ல் தொலைக்காட்சியைப் பற்றி எழுதியபோது ஹால் மூன்று நிலைகளைச் சொன்னார்: சொன்னதை அப்படியே ஏற்பது, பேரம் பேசுவது, எதிர்ப்பது.

நம் கவிதையை இதில் வைத்துப் பார்ப்போம். ஜமைக்கா கின்கெய்ட் கரீபியத் தீவான ஆன்டிகுவாவில் பிறந்தவர். 1990-ல் வந்த 'லூசி' என்ற அவருடைய நாவலில், தீவிலிருந்து அமெரிக்காவுக்குக் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்த பெண்ணுக்கு வீட்டு எஜமானி ஆசையாக டாஃபடில் பூக்களைக் காட்டுகிறார். லூசிக்கு வெட்டிச் சாய்க்க வேண்டும்போல் இருக்கிறது. சிறுமியாகப் பள்ளி மேடையில் டாஃபடில் கவிதை ஒன்றை ஒப்பித்துக் கைதட்டல் வாங்கியவள் அவள். பூவை அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. ஒப்பித்த அன்றிரவு பூக்கள் துரத்துவதாகக் கனவு கண்டாள். அகக்கண்ணில் பூக்கள் வருவது கவிஞருக்குப் பேரின்பம், லூசிக்குக் கெட்ட கனவு.

மதுரையிலோ மன்னார்குடியிலோ படித்த நமக்கும் இதில் பங்கு உண்டு. இந்தியாவில் ஆங்கில இலக்கியம் பாடமானதே ஆட்சியின் தேவையோடு பிணைந்தது என்று கௌரி விஸ்வநாதன் 1989-ல் விரிவாகக் காட்டினார். பார்க்காத பூவை நாம் ஏன் ஒப்பித்தோம் என்பது இந்தத் துறையில் முறையான ஆய்வுக் கேள்வி. யூ.ஜி.சி. நெட் தேர்வின் ஆங்கிலப் பாடத்திட்டத்திலும் பண்பாட்டு ஆய்வுக்குத் தனி அலகு இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. அன்று டாரதியும் வில்லியமும் கிளம்பியது கிளார்க்சன் தம்பதியின் வீட்டிலிருந்து. தாமஸ் கிளார்க்சன் அடிமை வணிகத்தை எதிர்த்துப் போராடியவர். பிரிட்டன் அந்த வணிகத்தைத் தடை செய்ததும் 1807, கவிதை அச்சானதும் 1807. கின்கெய்டின் தீவு அடிமைகளின் உழைப்பால் கரும்பு விளைந்த தீவு. கை பரபரக்கிறது, இல்லையா? எனக்கும் பரபரத்தது. மூன்று பக்கம் எழுதினேன். "கவிதைக்குள் எந்தச் சொல் இதைச் சொல்கிறது?" என்று ஒரே வரியில் ஆசிரியர் ஓரத்தில் கேட்டிருந்தார். பதில் இல்லை. இது அடிக்குறிப்புக்கு உரிய தகவல். வாதமாக வேண்டுமென்றால் இன்னும் உழைக்க வேண்டும்.

படி 6: எழுதுவது

முதலில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். அதை யாராவது மறுக்க முடிய வேண்டும். "வேர்ட்ஸ்வொர்த் ஓர் இயற்கைக் கவிஞர்" என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள், ஆகவே அது உதவாது. "உடன் நடந்தவரை வெளியே விட்டு, அந்த வெற்றிடத்தைக் கூட்டத்துக்கான சொற்களால் நிரப்புகிறது இந்தக் கவிதை" என்றால் சண்டைக்கு ஆள் வருவார். பிறகு ஒவ்வொரு பத்தியிலும் கவிதையிலிருந்து ஒரு சொல்லோ ஒரு வரியோ இருக்கட்டும். மேற்கோளைப் போட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குத் தாவாதீர்கள். போட்ட மேற்கோளில் எந்தச் சொல் உங்களுக்கு வேலை செய்கிறது என்று சொல்லுங்கள்.

கோட்பாட்டாளர் பெயரைத் தேவைப்படும் இடத்தில் மட்டும் கொண்டுவாருங்கள். ஹால் இல்லாமல் லூசியைப் பற்றிய பத்தி நிற்கிறது என்றால் ஹாலை விட்டுவிடலாம், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நூல் விவரங்களை எம்.எல்.ஏ. முறையில் தரச் சொல்வார்கள். சட்டமன்ற உறுப்பினருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அமெரிக்காவின் நவீன மொழிகள் சங்கம் வகுத்த முறை அது. 2021-ல் வந்த ஒன்பதாம் பதிப்பைப் பாருங்கள். பழைய நோட்ஸில் பழைய விதிகள் இருக்கும்.

கொடுப்பதற்கு முன், மேற்கோள் காட்டிய ஒவ்வொரு வரியையும் நீங்கள் சொல்லும் பதிப்போடு ஒத்துப் பாருங்கள். 1807-ம் ஆண்டு வடிவத்தைப் பற்றி ஒருமுறை பெருமையாக எழுதிவிட்டு, இணையத்திலிருந்து நகலெடுத்த மேற்கோளில் 'பொன்னிற' டாஃபடில்களை விட்டுவைத்திருந்தேன். சிவப்பு மையில் ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. மூன்று மதிப்பெண் போயிற்று.