முதலில் நிருபர், அப்புறம்தான் பி.ஆர்.ஓ.: பிள்ளைகளுக்குப் பல்லூடகம் சொல்லித் தரும் முறை

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இதழியல் படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் பத்திரிகைக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. ஓசூர் தொழிற்சாலை, மருத்துவமனை, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் என்று எல்லா இடத்திலும் செய்திக் குறிப்பு எழுதவும் வீடியோ எடுக்கவும் ஆள் தேவைப்படுகிறது. ஆனாலும் முதல் நாளே மக்கள் தொடர்பு அலுவலர் (பி.ஆர்.ஓ.) வேலைக்கான பாடத்தை ஆரம்பிக்காதீர்கள். முதலில் அவர்களை நிருபராக்குங்கள். 1906-ல் அமெரிக்காவில் ரயில் விபத்து ஒன்றின் விவரங்களை மறைக்காமல் பத்திரிகைகளுக்கு எழுதிக் கொடுத்து, செய்திக் குறிப்பு என்ற வழக்கத்துக்குப் பாதை போட்ட ஐவி லீயே அதற்கு முன் பத்திரிகைக்காரர்தான்.

பயிற்சிக்கு நான் சொல்வது புளி. எல்லோரும் மாம்பழத்துக்குத்தான் ஓடுவார்கள், ஆனால் மாசி, பங்குனியில் ஒரு மகளிர் குழு புளி தட்டும் இடத்துக்குக் கூட்டிப் போனால் கை வேலை, சத்தம், கூலி, விலை எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்துவிடும். அங்கே ஐந்து ஷாட் எடுக்கச் சொல்லுங்கள்: வேலை செய்யும் கை, புளி தட்டும் அம்மாவின் முகம், சுற்றியுள்ள இடம் முழுவதும், அவர் தோளுக்குப் பின்னால் நின்று ஒன்று, மாணவரே யோசித்து எடுக்கும் கோணம் ஒன்று. ஒவ்வொன்றையும் பத்து விநாடி போனை அசைக்காமல் பிடிக்க வேண்டும், இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், ஏனென்றால் எடிட் செய்ய உட்காரும்போதுதான் அதன் அருமை தெரியும்.

ஒலிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். படம் கொஞ்சம் மங்கினாலும் பார்ப்பார்கள், பேச்சு கேட்காவிட்டால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். காலர் மைக் ஒன்று போதும். பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் புளி தட்டும் சத்தத்தை மட்டும் அரை நிமிடம் தனியாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள், வெட்டு விழும் இடங்களை அது மூடிவிடும். கொட்டகைக்குள் விளக்கு வெளிச்சத்தில் படத்தில் பட்டை பட்டையாக ஓடுகிறதா? நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் போனில் விநாடிக்கு 25 பிரேம் வைத்து, ஷட்டரை, அதாவது ஒவ்வொரு பிரேமிலும் வெளிச்சம் விழும் நேரத்தை, 1/50 விநாடிக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சரி, செய்தி தயார். அதில் கூலி எவ்வளவு, யார் தருகிறார், மண்டியில் என்ன விலை என்பதெல்லாம் இருக்க வேண்டும். இப்போது அதே மாணவரிடம், "நீ இந்த மகளிர் குழுவின் பி.ஆர்.ஓ., இதையே செய்திக் குறிப்பாக்கு" என்று சொல்லுங்கள். சுயஉதவிக் குழுக்கள் தமிழ்நாட்டில் 1989-ல் தர்மபுரியில் தொடங்கியவை, அதனால் பின்னணிக்கும் பஞ்சமில்லை. ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. முதல் பத்தியிலேயே யார், என்ன, எங்கே, எப்போது வந்துவிட வேண்டும், அடியில் உடனே எடுத்துப் பேசக்கூடிய ஒருவரின் எண் இருக்க வேண்டும். படத்தை வாட்ஸ்அப்பில் சும்மா அனுப்பினால் தரம் குறைந்துவிடும், டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். இடமிருந்து வலமாகப் பெயர்கள், அவர்களின் சம்மதம் இரண்டும் இல்லாத படம் வெளியே போகவே கூடாது.

அப்புறம் வகுப்பில் பாதிப் பேரை நிருபர்களாக எதிரில் உட்கார வையுங்கள். கூலிக் கேள்வி கட்டாயம் வரும். அதற்கு மழுப்பாமல் பதில் சொல்ல முடிகிறதா என்பதுதான் மதிப்பெண். குழுவின் நல்ல பக்கத்தை முன்னால் வைப்பது பி.ஆர்.ஓ.வின் வேலைதான், அதற்காகத் தெரிந்த உண்மையை மாற்றிச் சொல்ல அவருக்கு உரிமை கிடையாது. இந்தக் கோட்டைப் பிள்ளைகள் கேள்வி கேட்டும் பதில் சொல்லியும் தாங்களே கண்டுபிடிக்க வேண்டும், நாம் கரும்பலகையில் எழுதிப் போட்டால் மனதில் நிற்காது.

அடுத்த பயிற்சிக்கு ஒகேனக்கல்லைக் கொடுங்கள். காவிரியில் வெள்ளம் வந்து பரிசலுக்கும் குளியலுக்கும் மாவட்ட நிர்வாகம் தடை போட்டிருக்கும் நாளில், ஒரு விடுதிக்காரர் போன மாதத்து அருவி வீடியோவைப் போடச் சொல்கிறார். பெங்களூரிலிருந்து குழந்தைகளோடு கிளம்பும் குடும்பம் அதை நம்பி வரும். விடுதிக்காரரிடம் என்ன சொல்வாய், அதற்குப் பதில் என்ன வீடியோ எடுத்துத் தருவாய் என்று கேட்டு, அன்று மாலைக்குள் ஒரு நிமிட வீடியோவாகவே பதிலை வாங்குங்கள், தேதியும் தடை விவரமும் முதல் ஐந்து விநாடிக்குள் திரையில் வந்தாக வேண்டும்.