ஸ்டாஃபோட விவரம் உங்க கையில இருக்கா? சின்ன கம்பெனி ஓனருங்க இப்பவே செய்ய வேண்டியது

நான் ரொம்ப வருஷமா சம்பளம், பிஎஃப், இஎஸ்ஐ வேலைதான் பாக்குறேன், பெரும்பாலும் அம்பது நூறு பேர் வேலை செய்யுற கம்பெனிங்க. முன்னாடி ஒரு இடத்துல அக்கவுண்ட்ஸ் பையன் சம்பள ஷீட்ட தவறுதலா எல்லாரும் இருக்குற வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டான், ஆதார் நம்பர், பேங்க் அக்கவுண்ட், யார் எவ்ளோ அட்வான்ஸ் வாங்கிருக்காங்க எல்லாமே அதுல இருந்துச்சு, ரெண்டு நிமிஷத்துல டெலீட் பண்ணிட்டோம் ஆனா அதுக்குள்ள பாதி பேர் பாத்தாச்சு. வீட்டுக்கு தெரியாம அட்வான்ஸ் வாங்கியிருந்த ஒரு அக்கா மறுநாள்லேர்ந்து வேலைக்கே வரல. அவங்ககிட்ட யாரும் ஒரு மன்னிப்பு கூட கேக்கல, நானும் கேக்கல, அது இன்னிக்கும் உறுத்துது. அதனாலதான் இத எழுதுறேன்.

மொதல்ல சட்டம் எங்க நிக்குதுன்னு பாத்துடலாம். 2023-ல டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு, அதுக்கான விதிகள் 2025 நவம்பர்லதான் வந்துச்சு, முக்கியமான கடமைங்க எல்லாம் அதுலேர்ந்து 18 மாசம் கழிச்சு, அதாவது 2027 மே மாசம் அமலுக்கு வருது. அப்போ அதுவரைக்கும் ஒண்ணும் இல்லன்னு நெனச்சுடாதீங்க, ஐடி (தகவல் தொழில்நுட்ப) சட்டத்துக்கு கீழ 2011-ல வந்த விதிகள் இப்பவும் இருக்கு, கைரேகை, பேங்க் விவரம், உடம்பு சம்பந்தமான விவரம், பாஸ்வேர்ட் இதெல்லாம் வாங்கணும்னா எழுத்துல சம்மதம் வேணும்னு அதுலயே இருக்கு.

புது சட்டத்துல 7-வது பிரிவ பல ஓனருங்க பாதி மட்டும் கேள்விப்பட்டு வராங்க. "வேலை சம்பந்தமான விஷயத்துக்கு சம்மதமே வேணாமாமே சார்"னு கேக்குறாங்க. ஆமா, அது அமலுக்கு வந்ததும் வேலைக்காகவும், கம்பெனிக்கு நஷ்டம் வராம, தொழில் ரகசியம் வெளிய போகாம பாத்துக்கவும் சம்மதம் இல்லாமலே விவரத்த பயன்படுத்தலாம். ஆனா அந்த வேலைக்குன்னு வாங்குனத அந்த வேலைக்கு மட்டும்தான் பயன்படுத்தணும். சம்பளம் போட வாங்குன போன் நம்பர உங்க மச்சானோட சிட்ஃபண்ட் ஏஜெண்டுக்கு குடுத்தா அது இதுல வராது. விவரத்த பத்திரமா வெக்கிற கடமையும் அப்படியே இருக்கு, அதுல கோட்டை விட்டா அபராதம் 250 கோடி வரைக்கும் போகலாம். அது உச்ச வரம்பு, தப்போட அளவ பாத்துதான் இந்த சட்டத்துக்குன்னு இருக்குற தரவு பாதுகாப்பு போர்டு முடிவு பண்ணும், ஆனாலும் நம்ம மாதிரி கம்பெனிக்கு அதுல நூத்துல ஒரு பங்கே தாங்காது.

சரி, வேலைய எங்க ஆரம்பிக்கிறது? ஒரு நோட்டு எடுங்க. ஸ்டாஃப்கிட்ட இருந்து என்னென்ன வாங்குறோம், எதுக்கு, எங்க இருக்கு, யார் பாக்கலாம், எப்போ அழிக்கணும்னு எழுதுங்க. ஒரு மத்தியானம் போதும். எதுக்குன்னு எழுத முடியாத ஐட்டம் நிச்சயம் நாலஞ்சு வரும், மதம், ஜாதி, அப்பாவோட தொழில், ஊர்ல எவ்ளோ நெலம் இருக்குன்னு பழைய ஃபாரத்துல கேட்டிருப்பாங்க, சட்டப்படி தேவைன்னு காட்ட முடியலன்னா அத ஃபாரத்துலேர்ந்து எடுத்துடுங்க. கையில இல்லாதது லீக் ஆகாது.

ஆதார். பிஎஃப்க்கு நம்பர் வேணும்தான், அதுக்காக ரிசப்ஷன் டேபிள்ல ஜெராக்ஸ் கட்டா கெடக்கணும்னு இல்ல. வெறும் அடையாளத்துக்குன்னா கடைசி 4 நம்பர் மட்டும் தெரியுற மாஸ்க்டு ஆதார் போதும், டவுன்லோட் பண்ணும்போதே அந்த ஆப்ஷன் இருக்கு.

கேமரா. கேட்டு, குடோன், பில்லிங் கவுண்டர்ல வெக்கலாம், வெச்ச எடத்துல "கேமரா இருக்கு"ன்னு போர்டு போடுங்க. ட்ரெஸ் மாத்துற ரூம், பாத்ரூம் பக்கம் வேணவே வேணாம், "திருட்டு நடக்குது சார்"ங்கிற காரணம் எல்லாம் நிக்காது, பொண்ணுங்கள அந்தரங்கமான நேரத்துல படம் எடுத்தா பாரதிய நியாய சன்ஹிதா (ஐபிசிக்கு பதிலா வந்த குற்றச் சட்டம்) 77-வது பிரிவுல மொத தடவையே 1 வருஷத்துலேர்ந்து 3 வருஷம் வரைக்கும் ஜெயில், ஐடி சட்டம் 66இ பிரிவுல வர்ற தண்டனை தனி. ஃபுட்டேஜ ஓனர் வீட்டு டிவில ஓட விடுறதும் நான் பாத்திருக்கேன், குடும்பமே உக்காந்து பாக்குது. அந்த பாஸ்வேர்ட் ரெண்டு பேருக்கு மேல தெரியக்கூடாது.

லொக்கேஷன் ஆப் போடணும்னா டூட்டி நேரத்துல மட்டும், முடிஞ்சா கம்பெனி போன்ல. சேல்ஸ் பையன் ஞாயித்துக்கெழம எங்க போறான்னு உங்களுக்கு தெரிய வேண்டிய அவசியம் இல்ல. ஆபீஸ் லேப்டாப்ப கண்காணிக்கிறீங்கன்னா என்ன பாக்குறீங்கன்னு முன்னாடியே எழுதிக் குடுத்துடுங்க, சட்டம் கட்டாயப்படுத்துற வரைக்கும் காத்திருக்காதீங்க, ஒளிஞ்சு பாத்தது தெரிஞ்சா அந்த ஆபீஸ்ல அப்புறம் யாரும் வாயத் தெறந்து பேசமாட்டாங்க.

உடம்பு விஷயத்துல ரொம்ப கவனமா இருங்க. வேலைக்கு எடுக்க எச்ஐவி டெஸ்ட் எடுத்துட்டு வான்னு கேக்கவே கூடாது, 2017-ல வந்த எச்ஐவி சட்டம் தடுக்குது. மெடிக்கல் லீவு சர்டிஃபிகேட் எச்ஆர் ஃபைலோட நிக்கணும், "அவனுக்கு என்ன வியாதியாம்"னு சூப்பர்வைசர் கேட்டா லீவு நாள் கணக்கு மட்டும் சொல்லுங்க. பாலியல் புகார் வந்தா புகார் குடுத்தவங்க பேரு, யார் மேல புகாரோ அவங்க பேரு, சாட்சிங்க பேரு எதுவும் வெளிய போகக்கூடாது, இது வேலை செய்யுற எடத்துல பாலியல் தொல்லைய தடுக்குற 2013 சட்டத்தோட 16-வது பிரிவு. புகார விசாரிக்கிற கமிட்டில இருக்கவங்க வீட்லகூட பேசக்கூடாதுன்னு மொத மீட்டிங்லயே சொல்லிடுங்க.

சம்பளம் போட வெளி ஏஜென்சி வெச்சிருக்கீங்கன்னா எழுத்துல ஒப்பந்தம் போடுங்க, அவங்க தப்பு பண்ணாலும் புது சட்டப்படி பதில் சொல்ல வேண்டியது நீங்கதான்.

லீக் ஆயிடுச்சுன்னா மறைக்காதீங்க. கம்ப்யூட்டர்லேர்ந்து டேட்டா போயிருந்தா செர்ட்-இன்ங்கிற மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்புக்கு 6 மணி நேரத்துல சொல்லணும், 2022-லேர்ந்தே இது இருக்கு. புது விதி அமலுக்கு வந்ததும் தரவு பாதுகாப்பு போர்டுக்கு உடனே ஒரு தகவல், 72 மணி நேரத்துக்குள்ள முழு விவரம், கூடவே பாதிக்கப்பட்ட ஒவ்வொரு ஸ்டாஃபுக்கும் நேரா சொல்லணும். அந்த அக்காவுக்கு அன்னிக்கு கெடைக்காதது இதுதான்.

வேலைய விட்டு போனவங்க ஃபைல்ல பிஎஃப், வரி கணக்குக்கு சட்டம் வெக்க சொல்றத மட்டும் வெச்சுட்டு மீதிய அழிங்க. வேல குடுக்காதவங்க ரெசியூமும் அப்படித்தான், திரும்ப கூப்பிட நெனச்சா வெச்சுக்கட்டுமான்னு கேட்டு வெச்சுக்கங்க.

கடைசியா, இதெல்லாத்தையும் ஒரு பக்கத்துல எழுதுங்க, என்ன வாங்குறோம், எதுக்கு, புகார் இருந்தா யார்கிட்ட சொல்லணும்னு. தமிழ்ல எழுதுங்க, பீகார், ஒடிசா பசங்க இருந்தா இந்தியிலயும் ஒடியாவுலயும் ஒரு காப்பி போடுங்க. படிக்கத் தெரியாதவங்களுக்கு சம்பள நாள் அன்னிக்கு ஒருத்தர் வாசிச்சு காட்டட்டும்.